அந்தரத்தில் தொங்கியபடி பிங்க் உண்மையாகவே பாடுகிறாரா? அவருடைய அரங்க நிகழ்ச்சிகளை எப்படி மதிப்பிடுவது?

பண்ணிசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பாப் பாடகி பிங்கின் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றி இங்கே இதுவரை விரிவாகப் பேசப்படவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். 2009-இல் ஆஸ்திரேலியாவில் படமாக்கப்பட்ட 'ஃபன்ஹவுஸ்' சுற்றுப்பயணத்தின் பதிவையும், அதற்குப் பிந்தைய பயணங்களிலிருந்து கிடைத்த காட்சிகளையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். ட்ரபீஸ் ஊசலில் தலைகீழாகத் தொங்குகிறார். கூரையிலிருந்து இறங்கும் நீண்ட துணியைச் சுற்றிக்கொண்டு சுழல்கிறார். நிகழ்ச்சியின் இறுதியில் கம்பி வடங்களில் பிணைக்கப்பட்டுப் பல்லாயிரம் பேரின் தலைக்கு மேலே பறந்து, அரங்கின் கடைசி வரிசைக்காரர்களின் முகத்துக்கு நேரே சென்று நிற்கிறார். இவ்வளவையும் செய்துகொண்டே பாடுகிறார் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது.

என்னோடு அமர்ந்து பார்த்த நண்பர் கர்நாடக இசையில் நல்ல பயிற்சி உள்ளவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. கண்ணை இவ்வளவு வேலை வாங்கும் நிகழ்ச்சியில் காதுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். பாடலின் குறைகளை மறைக்கத்தான் சாகசம் தேவைப்படுகிறது என்றும், மூச்சு முட்டும் இடங்களில் முன்பே பதிவுசெய்த குரல்தான் ஒலித்திருக்க வேண்டும் என்றும் உறுதியாகச் சொன்னார். அவருடைய கருத்தை என்னால் முழுமையாக ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். அந்தரத்தில் இருக்கும்போது அவர் உண்மையாகவே பாடுகிறாரா, அது உடலளவில் இயலக்கூடியதுதானா? இந்நிகழ்ச்சிகளை இசைக் கச்சேரியாகக் கருத வேண்டுமா, சர்க்கஸாகக் கருத வேண்டுமா? அமெரிக்கப் பாடகியான அவரைத் தாய்நாட்டைக் காட்டிலும் ஆஸ்திரேலியா முந்திக்கொண்டு கொண்டாடியது ஏன்?

மெல்பர்ன் மாறன்

பண்ணிசை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நான் மெல்பர்னில் வாழ்பவன். 2009-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்த நகரம் பிங்கை எப்படி வரவேற்றது என்பதை நேரில் கண்டவன். 'ஃபன்ஹவுஸ்' பயணத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் மட்டும் 58 நிகழ்ச்சிகளை நடத்தினார். அவற்றில் 17 நிகழ்ச்சிகள் மெல்பர்னின் ராட் லேவர் அரங்கில் நடந்தன. டென்னிஸுக்காகக் கட்டப்பட்ட, ஏறத்தாழ 15,000 பேர் அமரக்கூடிய உள்ளரங்கம் அது. ஓர் இரவுக்கான நுழைவுச்சீட்டுகள் தீர்ந்தவுடன் மற்றோர் இரவை அறிவிப்பார்கள், அதுவும் தீரும். நான்கு ஆண்டுகள் கழித்து, 2013-இல், 'தி ட்ரூத் அபவுட் லவ்' பயணத்தின்போது அதே அரங்கில் 18 நிகழ்ச்சிகளை நடத்தித் தம் முந்தைய சாதனையைத் தாமே கடந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது கால வரிசை. பிங்கின் அந்தரச் சாகசத்தை அமெரிக்கப் பொதுமக்கள் பெரிய அளவில் பார்த்தது தொலைக்காட்சி வழியாகத்தான். 2009 செப்டம்பரில் எம்டிவி விருது விழாவில் 'சோபர்' பாடலை ட்ரபீஸில் தொங்கியவாறு பாடினார். அதே விழாவில்தான் டெய்லர் ஸ்விஃப்டின் ஏற்புரையை ராப் பாடகர் கான்யே வெஸ்ட் இடைமறித்தார் என்பதால் மறுநாள் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பிங்க் செய்த அரிய காரியம் பேச்சில் அடிபடவே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. ஆனால் 2010 ஜனவரி இறுதியில் நடந்த கிராமி விழா அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. 'கிளிட்டர் இன் தி ஏர்' பாடலை மெல்லத் தொடங்கி, வெண்ணிற மேலங்கியைக் களைந்து, துணித் தொட்டிலில் மேலெழும்பி, நீரில் தோய்ந்து, கீழே இருந்தவர்கள்மேல் நீர் தெறிக்கச் சுழன்றபடியே பாடி முடித்தார். அரங்கிலிருந்த இசைக்கலைஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அமெரிக்காவில் மேடைக் கலைஞராக அவருக்கு இருந்த மதிப்பு மாறியது அந்தச் சில நிமிடங்களில்தான் என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்கா அன்று தொலைக்காட்சியில் கண்டு வியந்ததை, ஆஸ்திரேலிய ரசிகர்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பே, 2009 மே முதல் ஆகஸ்ட் வரை, நுழைவுச்சீட்டு வாங்கி நேரில் கண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் அவர் நடத்தியவை மிகச் சில நிகழ்ச்சிகளே. இங்கேயோ ஒவ்வொரு நகரத்திலும் வாரக்கணக்கில் தங்கினார். வாரக்கணக்கில் தங்குவதன் பயன் வணிகத்தோடு முடிவதில்லை என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் நாள்தோறும் மாறும்போது கூரைக் கட்டமைப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொங்கவிட்டு, அளந்து, சரிபார்க்க வேண்டும். ஒரே அரங்கில் நிலைத்திருக்கும்போது கருவி இயக்குபவருக்கும் பறப்பவருக்கும் அந்த வெளி பழகிப்போகிறது. அந்த ஆஸ்திரேலியப் பதிவில் நாம் காணும் தளர்வான உடல்மொழிக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வகை நிகழ்ச்சியைப் பிங்க் தாமே கண்டுபிடித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடகி செர் தம் பெரும் கச்சேரிகளில் அந்தரக் கலைஞர்களை ஏற்கெனவே பயன்படுத்தியவர். செருடன் பணியாற்றிய ட்ரேயா வெபர் என்ற அந்தரக் கலைஞரே பின்னர் பிங்குக்குப் பயிற்சி அளித்து, அவருடைய அந்தரக் காட்சிகளை வடிவமைத்தார். ஆனால் பெரும்பாலான மேடைகளில் பாடகர் தரையில் நின்று பாட, அவரைச் சுற்றி வேறு கலைஞர்கள் பறப்பார்கள். பிங்க் அந்தப் பிரிவினையை நீக்கினார். பறப்பவரும் பாடுபவரும் ஒருவரே என்றாக்கினார். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றது அதற்கு அடித்தளம். 2006-இல் தொடங்கிய பயணத்திலேயே துணியில் தொங்கும் காட்சியை வைத்துப் பார்த்தவர், 'ஃபன்ஹவுஸில்' அதை நிகழ்ச்சியின் முதுகெலும்பாக்கினார். அந்தப் பயணத்தை இயக்கிய பாஸ் ஹால்பின் அடுத்தடுத்த பயணங்களையும் இயக்கியதால் ஒரு தொடர்ச்சியும் கிடைத்தது.

இன்னொன்று. 2009 நவம்பரில் பிரிட்னி ஸ்பியர்ஸ் தம் 'சர்க்கஸ்' பயணத்துடன் ஆஸ்திரேலியா வந்தபோது, அவர் நேரில் பாடவில்லை, உதட்டை மட்டுமே அசைத்தார் என்ற பெரும் சர்ச்சை எழுந்தது. நேரில் பாடாத நிகழ்ச்சிகளுக்கு அதை நுழைவுச்சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்ற அளவுக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநில அமைச்சர் மட்டத்தில் பேச்சு நடந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பாடகி தலைகீழாகத் தொங்கியபடி பாடியதைக் கேட்டிருந்த மக்கள் அவர்கள். அந்த ஒப்பீடு பலருடைய மனத்தில் ஓடியிருக்கும் என்றே நம்புகிறேன்.

ஒலிமேசை

பெரிய அரங்குகளில் ஒலியமைப்புப் பணி செய்து வருபவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். பிங்கின் குழுவில் நான் பணியாற்றியதில்லை. ஆகவே இந்த வகை நிகழ்ச்சிகள் பொதுவாக எப்படி இயங்குகின்றன என்பதையும், பதிவுகளில் நான் கேட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தரத்தில் பாடுவது உடலளவில் இயலும். ஆனால் எல்லாப் பாடலையும் பாட இயலாது. தலைகீழாகத் தொங்கும்போது வயிற்று உறுப்புகளின் எடை உதரவிதானத்தின் மேல் சாய்கிறது. நின்று பாடும்போது மூச்சை உள்ளிழுக்க அந்தத் தசை கீழ்நோக்கி இறங்குவது எளிது. தலைகீழ் நிலையில் அந்த எடையை எதிர்த்துத் தள்ள வேண்டும். இடுப்பைச் சுற்றி இறுகியிருக்கும் வார்ப்பட்டை விலாவின் அடிப்பகுதி விரிவதையும் தடுக்கிறது. கையால் துணியைப் பற்றித் தொங்குபவருக்கோ தோளும் வயிறும் இறுகியே இருக்க வேண்டும். பாடுவதற்கோ அவை தளர்ந்திருக்க வேண்டும். சுழற்சியால் வரும் தலைச்சுற்றல் தனி. பிங்க் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உள்ளவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், அவர் எடுத்துக்கொண்ட பயிற்சியின் கடுமை புரியும்.

இதற்கு அவர் கண்ட தீர்வு எந்தப் பாடலை மேலே கொண்டுசெல்வது, எதைத் தரையில் வைப்பது என்ற தேர்வில் இருக்கிறது. உங்கள் நண்பர் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'கிளிட்டர் இன் தி ஏர்' மெதுவான பாடல். அதன் வரிகள் குறுகியவை, ஒவ்வொரு வரிக்கும் பின்னே பியானோ மட்டும் ஒலிக்கும் இடைவெளி உண்டு. உடலை அடுத்த நிலைக்கு மாற்றுவதும் மூச்சை மீட்பதும் அந்த இடைவெளிகளில் நடக்கின்றன. 'சோ வாட்' இதற்கு நேர்மாறு. ஆனால் அதன் பல்லவி ஊரே சேர்ந்து கத்தக்கூடியது. பாடகி ஒரு சொல்லை விட்டாலும் அரங்கம் அதை எடுத்துக்கொள்ளும். வேகமாகப் பறக்க வேண்டிய இறுதிக் காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு. மாறாக, 'ஃபன்ஹவுஸ்' பயணத்தில் ராக் குழுவான லெட் செப்பலினின் பாடல் ஒன்றையும் குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சொடி'யையும் பாடினார். குரலுக்குக் கடும் சோதனையான அத்தகைய பாடல்களை அவர் அந்தரத்துக்குக் கொண்டுசெல்லவில்லை.

முன்பே பதிவுசெய்த ஒலியைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். இன்றைய பெரிய பாப் நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பதிவுசெய்த சில அடுக்குகள் பின்னணியில் ஓடும். தாளத்துக்கும் விளக்குக்கும் காட்சித்திரைக்கும் பொதுவான காலக்கணக்கு வேண்டும் என்பதே முதன்மைக் காரணம். பின்னணிப் பாடகியரும் மேடையில் இருக்கிறார்கள். ஆனால் தலைமைக் குரலை எளிதில் சோதித்துவிடலாம். உடல் திடீரென நிறுத்தப்படும் கணத்தில் குரலில் ஒரு சிறு அதிர்வு விழும். வேகமாக மேலெழும்போது சொல்லின் கடைசி எழுத்து தேயும். மூச்சிழுக்கும் ஒலி மைக்கில் கேட்கும். பிங்கின் பதிவுகளில் இவை மூன்றும் இருக்கின்றன. கிராமி நிகழ்ச்சியில் சுழற்சியின் உச்சத்தில் அவருடைய குரலில் ஏற்படும் நெரிசலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பதிவறையில் யாரும் அப்படிப் பாட மாட்டார்கள்.

இறுதிப் பறத்தலில் பார்வையாளருக்குத் தெரியாத வேறொரு சிக்கலும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 70 மீட்டர் தொலைவுக்குப் பறந்துவிட்டவருக்கு, மேடை ஒலிபெருக்கியின் சத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் நிச்சயமாகத் தவறும். காதுக்குள் இறுக்கமாகப் பொருத்திய சிறு ஒலிக்கருவியில் வானொலி அலை வழியே வரும் இசையை மட்டுமே நம்பிப் பாட வேண்டும். ஆனால் அவரைச் சுற்றியோ பதினையாயிரம் பேர் தாமதமான தாளத்தில் உரக்கப் பாடிக்கொண்டிருப்பார்கள். மேலும், தொங்கும் ஒலிபெருக்கி வரிசைகளின் முன்னே அவர் கடக்கும்போதெல்லாம் அவருடைய மைக் அந்த ஒலியைப் பிடித்து ஊளையிடத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. பறக்கும் பாதையை அறிந்து, எந்த நொடியில் எந்த அலைவரிசையைத் தணிக்க வேண்டும் என்று ஒருவர் கையை வைத்தபடி காத்திருந்தால்தான் அது தடுக்கப்படும். என் துறையில் இதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை. பிங்குக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கு இந்த ஒலிப்பணியாளர்களுக்கும் சேர வேண்டும்.

தமயந்தி

இழையில் எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் பண்ணிசை அவர்களின் நண்பருக்காகப் பேச இங்கே ஒருவர் வேண்டும். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

நான் பிங்கின் குரலை நேசிப்பவள். கரகரப்பும் கனிவும் ஒன்றாகக் கலந்த அந்தக் குரல், காயப்பட்ட ஒருவர் தம்மிடமே பேசிக்கொள்வது போல ஒலிக்கும்போதுதான் எனக்கு மிக உண்மையாகப் படுகிறது. ஒரு பயணத்தின் தலையாய காட்சி பறத்தல் என்று ஆகிவிட்டால், அடுத்த பயணம் அதைவிட உயரமாக, வேகமாக, தொலைவாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் பிறக்கிறது. 2017 நவம்பரில் அமெரிக்கன் மியூசிக் விருதுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு பெரிய ஹோட்டல் கட்டடத்தின் வெளிச்சுவரில், பேண்டலூப் என்ற நடனக் குழுவினருடன் கயிற்றில் தொங்கி நடனமாடியபடி பாடினார். வியப்பான காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாடல் எதைப் பற்றியது என்பதை அன்று பார்த்தவர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? கட்டடத்தின் உயரத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள்.

'சோபர்' பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். போதையின்றித் தன்னையே தாங்கிக்கொள்ள முடியாத ஒருத்தியின் கலக்கம் அது. ட்ரபீஸில் நிலையின்றி ஊசலாடுவது அந்தப் பாடலின் பொருளோடு ஒட்டுகிறது. அங்கே சாகசம் பாடலுக்குத் துணை. பிந்தைய பயணங்களின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். 'பியூட்டிஃபுல் ட்ராமா' பயணத்தில் பெரிய சரவிளக்கில் தொங்கியபடி வருகிறார். அதற்கடுத்த 'சம்மர் கார்னிவல்' பயணத்தில் பிரம்மாண்டமான உதட்டு வடிவத்திலிருந்து குதித்து இறங்குகிறார். பாடிய பாடல் இரண்டிலும் ஒன்றே. பாடலின் எந்தச் சொல்லும் அந்தச் சரவிளக்கையோ உதட்டையோ கேட்கவில்லை. கூட்டத்தை எழுப்பிவிடுவதற்காக வைக்கப்பட்ட காட்சி அது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆயினும் அதைக் கலை என்ற கணக்கில் 'சோபர்' காட்சியோடு சமமாக வைக்க என்னால் முடியாது.

ஒவ்வொரு பயணத்திலும் நடுவே அவர் கிட்டாருடன் அமைதியாக அமர்ந்து பாடும் பகுதி ஒன்று உண்டு. விமர்சனங்களில் அது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பறத்தலுக்கோ பத்திகள் கிடைக்கின்றன. அவருடைய பாடும் திறனுக்குச் சேர வேண்டிய கவனத்தை அவருடைய துணிச்சலே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் குறை. நண்பர் ஒலிமேசை காட்டிய அந்த நுட்பமான தேர்வுகளை எந்த விமர்சகராவது எழுதி நான் படித்ததில்லை.

யாழ்மொழி

வணக்கம். நான் ஜெர்மனியில் இருப்பதால், இங்கே நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சேர்க்க விரும்புகிறேன். ஆபத்து என்பது மேடைக்காகச் செய்யப்பட்ட தோற்றம் அல்ல என்பதை அவை காட்டும்.

2010 ஜூலையில் நியூரெம்பர்க் நகரின் திறந்தவெளி நிகழ்ச்சியில், 'சோ வாட்' பாடலுக்காகப் பிங்க் மேலெழும்ப வேண்டிய நேரத்தில் வார்ப்பட்டையின் பிணைப்பு சரியாக முடிந்திருக்கவில்லை. வடம் இழுக்கத் தொடங்கிவிட்டது. அவர் மேடையிலிருந்து இழுக்கப்பட்டு முன்னிருந்த தடுப்பில் மோதினார். நிகழ்ச்சி அங்கேயே நின்றது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பெரிய காயம் ஏதும் இல்லை என்று தெரிந்தபோது இங்கே அனைவருக்கும் மூச்சு வந்தது. அவர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டதுடன் பயணத்தைத் தொடர்ந்தார்.

இரண்டாவது நிகழ்வு எங்கள் நாட்டின் பெரும் நட்சத்திரப் பாடகியான ஹெலேனே ஃபிஷருக்கு நேர்ந்தது. ஐரோப்பாவில் பாடிக்கொண்டே பறப்பவர் என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். சிர்க் து சொலே என்ற சர்க்கஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'ரௌஷ்' பயணம் 2023-இல் தொடங்குவதற்கு முன்பே பயிற்சியில் விலா எலும்பு முறிந்து, தொடக்க நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. பின்னர் ஜூன் மாதம் ஹனோவரில் ட்ரபீஸ் முகத்தில் அடித்து இரத்தம் வழிய, நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பல ஆண்டுப் பயிற்சி பெற்ற இருவருக்குமே இப்படி நேர்ந்திருக்கிறது. தமயந்தி அக்கா சொல்லும் 'இன்னும் உயரம்' என்ற போட்டியை நான் அஞ்சுவது இதனால்தான். இசை குறைந்துவிடும் என்பதைவிட, ஒரு நாள் ஒருவர் எழ முடியாமல் போய்விடுவார் என்பதே என் அச்சம்.

பண்ணிசை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு ஆழமான பதில்களை எதிர்பார்க்கவில்லை. ஒலிமேசை அவர்கள் சொன்னபடி கிராமி காட்சியைக் கண்ணை மூடிக் கேட்டேன். மூச்சின் ஒலியும் அந்த நெரிசலும் தெளிவாகக் கேட்டன. நண்பருக்கும் அனுப்பினேன். அவர் பாடுகிறார் என்பதை ஒப்புக்கொண்டார். சாகசம் தேவையா என்பதில் தமயந்தி அவர்களின் பக்கம்தான் நிற்கிறார்.

ஒன்றை மட்டும் மேலும் கேட்கிறேன். பிற்காலப் பயணங்கள் உள்ளரங்கை விட்டு விளையாட்டு மைதானங்களுக்குப் போய்விட்டன. அங்கே கூரையே இல்லை. பறத்தல் அதே பொருளைத் தருகிறதா? வெறும் வசூலுக்கான மாற்றம்தானா?

மெல்பர்ன் மாறன்

வசூலைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கி 2019 நவம்பரில் ஆஸ்டின் நகரில் முடிந்த 'பியூட்டிஃபுல் ட்ராமா' பயணத்தில் 156 நிகழ்ச்சிகள்; ஏறத்தாழ 30 லட்சம் நுழைவுச்சீட்டுகள்; வசூல் 39 கோடி டாலருக்கும் மேல். 2023 ஜூனில் இங்கிலாந்தின் போல்டனில் தொடங்கிய 'சம்மர் கார்னிவல்', பெரும்பாலும் மைதானங்களில் நடந்து, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தும் 50 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் ஹாட் 100 என்ற பாடல் தரவரிசைப் பட்டியலில் அவர் கடைசியாக முதலிடம் பிடித்தது 2013-இல். அதன் பின் வானொலியில் அவருடைய செல்வாக்கு ஏறவில்லை. மேடையில் ஏறிக்கொண்டே போனது. பாடல் தரவரிசையின் துணையின்றி மேடையின் பெயரால் மட்டுமே இப்படி வளர்ந்தவர்கள் மிகச் சிலரே.

பறத்தலின் பொருளைப் பற்றிய கேள்விதான் எனக்கு முக்கியமானது. உள்ளரங்கில் அவர் எங்கள் பக்கம் வந்தபோது அவருடைய முகத்தின் வியர்வை தெரிந்தது. மேல் வரிசைகளுக்கு அருகே அமைத்திருந்த சிறு தளங்களில் ஒரு கணம் நின்று, அங்கிருந்தவர்களைப் பார்த்துப் பாடிவிட்டு மீண்டும் பறந்தார். மிகக் குறைந்த விலைச்சீட்டு வாங்கியவர்கள் எப்போதும் தொலைவில்தான் இருப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் அவர்களே முன்வரிசையினர் ஆனார்கள். தமயந்தி அவர்கள் பாடலின் சொல்லோடு சாகசம் பொருந்த வேண்டும் என்கிறார். அது சரியான அளவுகோல்தான். ஆனால் 'சோ வாட்' காட்சிக்கு அதனுடன் இந்த அளவுகோலையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது: பாடகி யாரிடம் போய்ச் சேர்ந்தார்? 2018-இல் சிட்னியில் குடல் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சில நிகழ்ச்சிகள் தள்ளிவைக்கப்பட்டபோது, ரசிகர்களிடையே எரிச்சலைக் காட்டிலும் கவலை மிகுந்திருந்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மைதானத்தில் வடங்கள் உயர்ந்த கோபுரங்களிலிருந்து வருகின்றன. தூரமும் வேகமும் கூடுகின்றன. காற்று என்ற புதிய எதிரியும் சேர்கிறது. காட்சி மிகப் பெரிது. ஆனால் அவருடைய கண்களைப் பார்க்க பெரும்பாலானோர் திரையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. 2024-இல் அவர் ஆஸ்திரேலிய மைதானங்களில் நடத்திய நிகழ்ச்சிகளுக்கு மக்கள் பல லட்சம் பேர் திரண்டார்கள். நானும் மனநிறைவோடுதான் திரும்பினேன். ஆனாலும் பறத்தல் எதற்காகத் தொடங்கியதோ அதை உள்ளரங்கமே முழுமையாகத் தருகிறது என்பது என் முடிவு. உங்கள் நண்பர் ஒரு முறையாவது நேரில் பார்க்க முன்வந்தால், மைதானத்தைத் தவிர்த்து உள்ளரங்க நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். இருக்கையும் மேல் வரிசையில் இருக்கட்டும்.

தமயந்தி

மாறன் அவர்கள் சொன்ன இரண்டாவது அளவுகோலை ஏற்கிறேன். கடைசி வரிசையைத் தேடிப் போவது பாடலுக்கு வெளியே இருந்தாலும் பாடகரின் கடமைக்கு உட்பட்டதுதான். சரவிளக்கையும் உதட்டையும் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. யாழ்மொழி அவர்களின் அச்சத்தையும் பகிர்ந்துகொள்கிறேன். பறத்தல் தொடர வேண்டுமானால் உயரம் கூடுவதற்கு முன் பிணைப்பைச் சரிபார்ப்பவர்களின் எண்ணிக்கையும் ஒத்திகை நாள்களும் கூடட்டும்.